கண் ஓடிய இடம்

அன்புள்ள ஐயா,

மன்னிப்பு என்பது உருதுவழி வந்த சொல் என்கிறார்கள். அப்படியானால் மன்னிக்கும் மனத்துக்குத் தமிழில் சொல்லே இல்லையா? பொறுத்தல் என்பது வெறும் சகிப்புதானே? அகராதிகளில் தேடினேன். குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரம் கண்ணில் பட்டது. அது பரந்த பார்வையைப் பற்றியது என்பதால் விட்டுவிட்டேன்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நானும் அந்த அதிகாரத்தோடுதான் இருக்கிறேன். மன்னிப்பின் பிறப்பு வழக்கை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தேடிய சொல்லைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே போட்டிருக்கிறீர்களே, அதுதான் என் வருத்தம்.

கண்ணோட்டம் என்றால் பார்வைக்கோணம் என்பது செய்தித்தாளும் மேடையும் நமக்குப் பழக்கிய பொருள். வள்ளுவர் சொல்வது, பழகிய ஒருவர்மேல் கண் சென்று படியும்போது மனம் இளகி, அவரைக் கடிய முடியாமல் போவதை. பொறையுடைமையை இல்லறத்தானுக்குச் சொன்னவர், கண்ணோட்டத்தைச் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் பின்னே, 58ஆம் அதிகாரமாக, தண்டிக்கும் கோலைக் கையில் வைத்திருக்கும் அரசனுக்கு வைத்தார். 'ஒறுத்தாற்றும் பண்பினார் கண்ணும்கண் ணோடிப் பொறுத்தாற்றும் பண்பே தலை' என்கிறார்: நம்மை வருத்துகிறவரிடத்தும் கண்ணோடி, அவர் பிழையைப் பொறுப்பதே சிறப்பு. கண்ணோடுவதும் பொறுப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. அகராதிகளைப் புரட்டிய நேரத்தில் இந்தப் பத்துக் குறளைப் படித்திருக்கக் கூடாதா? 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' என்று அதற்கு முந்தைய குறள் தொடங்குகிறது. கடமை கெடாமல் கண்ணோட வேண்டும் என்கிற அந்த ஒரு நிபந்தனையை நான் புரிந்துகொண்டது என் தாயாரிடம்தான்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் சீட்டுப் பிடித்த ஓர் அக்கா, அலுவலகங்களைத் துப்புரவு செய்து அம்மா சேர்த்த 1,200 சிங்கப்பூர் வெள்ளியோடு ஒருநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். நான்கு ஆண்டுகள் அம்மா அவரைத் திட்டாத நாளில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடைக்கு முன்னால் அவர் எதிரே நின்றார். அம்மாவின் கண் அவருடைய முகத்தில் நிற்காமல் காலுக்குப் போயிற்று. சர்க்கரை நோயில் வீங்கிய வலது கால். அதில் சுற்றியிருந்த துணிக்கட்டு, கடைக்காரர் கழுவிவிட்ட தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. "தண்ணியில ஏன் நிக்கிற, இப்படி வா" என்று கையைப் பிடித்து உலர்ந்த பக்கமாக நிறுத்தினார். பணத்தைப் பற்றி நான் வாயெடுத்தபோது என் தோளை அழுத்தினார்.

பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவர், "காசு அவ தரணும்தான்" என்றார். பிறகு, "அந்தக் கட்ட யாரு மாத்தி விடுறாளோ" என்றார்.