பூனையின் பல்லுக்கு 15,000 ரூபாய்: கார்டில் போடலாமா, போனஸ் வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் பூனைக்கு ஆறு வயது. வாய் நாறுகிறதே என்று டாக்டரிடம் கொண்டுபோனேன். பல்லில் காரை கட்டி ஈறு வீங்கியிருக்கிறது, மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டி வரலாம் என்றார். 15,000 ரூபாய் ஆகுமாம். சம்பளம் கைக்கு 38,000 வருகிறது. அவசர நிதியில் 70,000 இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. கிரெடிட் கார்டு இஎம்ஐ போடலாமா? ஐந்து மாதத்தில் வரும் போனஸ் வரை தள்ளிப்போடலாமா? காப்பீடு எடுத்தால் உதவுமா?
- வாசகி, சென்னை

பதில்: தள்ளிப்போடாதீர்கள். அவசர நிதியிலிருந்தே எடுங்கள். இப்படித் திடீரென்று வந்து நிற்கும் செலவுக்குத்தான் அந்தப் பணம். 15,000 போனாலும் 55,000 மிச்சம் இருக்கும். போனஸ் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுங்கள்.

காத்திருந்தால் செலவு கூடத்தான் செய்யும். ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கும். இன்று இரண்டு பல்லோடு முடிவது அப்புறம் நான்காகலாம். பல மருத்துவமனைகளில் எத்தனை பல் என்று எண்ணித்தான் பில் போடுகிறார்கள். வலியையும் யோசியுங்கள். பூனை வலியை வெளியே காட்டாது. தீனியைக் கவ்விவிட்டுக் கீழே போடும், ஒரு பக்கமாகவே மெல்லும், எச்சில் வடிக்கும். இப்படி எதையாவது பார்த்திருந்தால் ஒரு வாரம்கூட அதிகம்.

கார்டு வேண்டாம். இஎம்ஐ வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டால் மாதம் 3.5 சதவீதம் போல வட்டி ஏறும். வருடத்துக்கு 42 சதவீதம். சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குப் பணம் தூங்கும்போது இந்தக் கடன் எதற்கு?

சரி, 15,000-ஐக் குறைக்க முடியுமா? ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, எக்ஸ்ரே, ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது), ஒரு பல் பிடுங்க எவ்வளவு, மருந்து என்று பிரித்து எழுதித் தரக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் கைவைக்காதீர்கள். முதலாவது மயக்க மருந்தைச் சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று சொல்லும். இரண்டாவது இல்லாவிட்டால் ஈறுக்கு அடியில் வேர் கரைந்துகொண்டிருப்பது தெரியாது. பூனைகளுக்கு இது சர்வசாதாரணமாக வரும் நோய். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். தனியாரைவிடக் கட்டணம் குறைவு, ஆனால் வரிசையில் நிற்க நேரம் ஒதுக்க வேண்டும். மயக்க மருந்தே இல்லாமல் சுத்தம் செய்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். வெளியே தெரியும் காரையைச் சுரண்டுவார்கள், நோய் ஈறுக்குள்ளேயே இருக்கும். மருந்துச் செலவை மிச்சம் பிடிக்க வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் விஷம்.

காப்பீடு இந்தச் செலவுக்கு உதவாது. ஏற்கெனவே கண்டுபிடித்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். பல் சிகிச்சையையே விலக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு. பிரீமியத்துக்குப் பதில் வங்கியில் மாதம் 1,250 ரூபாய்க்கு ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் பணம் போடும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். அடுத்த வருடம் இதே நேரம் 15,000-மும் வட்டியும் பூனை பெயரில் தயாராக இருக்கும். அஞ்சலக ஆர்டி இதற்குச் சரிவராது. அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க முடியாது.

ஈறு ஆறியதும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தினமும் பல் தேய்த்துவிடப் பழக்குங்கள். பிளேக் (பல்லில் படியும் மெல்லிய அழுக்குப் படலம்) காரையாக இறுகச் சில நாட்களே போதும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்துப் பயனில்லை. முதலில் பூனைப் பேஸ்ட்டை விரலில் நக்கவிடுங்கள். அப்புறம் உதட்டை லேசாகத் தூக்கி, கன்னத்துப் பக்கம் மட்டும் மென்மையான சின்ன பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். நாம் பயன்படுத்தும் பேஸ்ட் கூடாது, பூனைக்குத் துப்பத் தெரியாது. ஃப்ளூரைடு வயிற்றுக்குள் போய்விடும். பேஸ்ட், பிரஷ் செலவை மாத மளிகைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்டி பணத்தை இதற்காகத் தொட வேண்டாம்.