காளான் அறையில் அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? எம்சிபியை மாற்றுவதற்கு முன்

கேள்வி: மாடியறையில் சிப்பிக் காளான் போட்டிருக்கிறேன். ஒன்றரை டன் ஏசி, ஹியூமிடிஃபையர், எக்ஸாஸ்ட் ஃபேன், செடி வளர்க்கும் எல்இடி விளக்குகள் எல்லாம் ஓடுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ட்ரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் 10 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 20 போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா?

பதில்:

வேண்டாம். வயர் என்ன சைஸ் என்று பார்க்காமல் அவர் இதைச் சொல்லியிருந்தால், கண்டிப்பாக வேண்டாம். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச். அது அங்கே இருப்பது ஏசிக்காக அல்ல, சுவருக்குள் ஓடும் வயருக்காக. பழைய வீடுகளில் லைட் லைனுக்கு 1 ஸ்கொயர் எம்எம் வயர்தான் இழுத்திருப்பார்கள். குழாய்க்குள் ஓடும்போது அது சுமார் 11, 12 ஆம்பியர்தான் தாங்கும். அதன் தலையில் 20 ஆம்பியர் எம்சிபியை வைத்தால், வயர் உள்ளே வெந்துகொண்டே இருக்கும், எம்சிபி அசையாது. 20 ஆம்பியர் எம்சிபி சரியாக 20-இல் விழுவதும் இல்லை. 22 ஆம்பியர் வரை போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழாமல் நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதை நான் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன். கோவையில் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் காளான் வளர்க்கிறேன். முதல் கோடையில் எனக்கும் இதே தொல்லை, இதே யோசனை. பெரிய எம்சிபி போட்டோம், ட்ரிப் ஆவது நின்றது, நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து அறையில் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். ஏதோ ஒரு படுக்கை அழுகிவிட்டது என்று நினைத்து, தொங்கிய உருளைகளை ஒவ்வொன்றாக இறக்கி முகர்ந்து பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. கடைசியில் ஏசி பிளக் இருந்த போர்டில் கை வைத்தபோது சுட்டது. பிளக்கை உருவினால் நியூட்ரல் பின் பழுப்பேறி, சாக்கெட்டின் அந்த ஓட்டை மட்டும் இளகி நீள்வட்டமாகியிருந்தது. ஸ்விட்ச், சாக்கெட் பிளாஸ்டிக் அதிகமாகச் சூடானால் மீன் கவிச்சை மாதிரிதான் நாறும். இந்த ஒரு விஷயத்தை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சாக்கெட்டை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவில் வயதான வயர்மேன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர், "தம்பி, பிளக்கை மாத்தறது பெரிசில்ல. வோல்ட்டு எங்க தொலையுதுன்னு பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தார். எதுவும் ஓடாதபோது கீழே டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 224 வோல்ட், மாடி பிளக்கிலும் 224. எல்லாவற்றையும் போட்டு 10 ஆம்பியர் இழுக்கும்போது டிபியில் 222, பிளக்கில் 208. நடுவில் 14 வோல்ட்டைக் காணோம்.

இந்தக் கணக்கை நீங்களும் போடலாம். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.02 ஓம். டிபியிலிருந்து அறைக்கு 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர், ஆக 0.8 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் வயரில் 8 வோல்ட் போகும். அது நியாயமான நஷ்டம். மீதி 6 வோல்ட் எங்கே போயிற்று? ஏதோ ஒரு ஜாயின்ட்டில். 6 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 60 வாட். அதாவது, சுவருக்குள் எங்கோ ஒரு கட்டை விரல் அளவு இடத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பின் சூடு நாள் முழுக்க இருந்திருக்கிறது. மாடிப்படி ஓரத்தில் பெயின்ட் அடித்து மூடியிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். கையால் முறுக்கி டேப் சுற்றிய நியூட்ரல் ஜாயின்ட் ஒன்று. டேப் தொட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது, உள்ளே செம்பு கறுத்து மொரமொரப்பாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட லூஸ் ஜாயின்ட்டை எந்த எம்சிபியும் கண்டுபிடிக்காது, பழைய 10 ஆம்பியர் எம்சிபி உட்பட. ஓடும் கரண்ட் அதே 10 ஆம்பியர்தானே. லோடு போட்டுக்கொண்டு வோல்ட் அளப்பதுதான் எளிய வழி. அதனால் உங்கள் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டு இடத்து அளவுதான்.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி சுமார் 1,600 வாட், ஹியூமிடிஃபையர் 250, ஃபேனும் விளக்கும் சேர்த்து 150 என்று வைத்தால் மொத்தம் 2,000 வாட். 230 வோல்ட்டில் இது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப்படி 10 ஆம்பியர் எம்சிபி நிற்க வேண்டும். ஆனால் கோடையில் மாலை நேரத்தில் உங்கள் பகுதியில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் கதை மாறிவிடும். ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருக்கும். அது 180-ஐ 220 ஆக்கிக் கொடுக்கிறது, சரி. அந்த வித்தியாசத்தை அது வயரிலிருந்துதான் கூடுதல் கரண்டாக இழுக்கிறது. 7 ஆம்பியர் இழுத்த ஏசி லைனில் 9 ஓடும். மற்றவையும் சேர்ந்தால் 10-ஐத் தாண்டிவிடும். ஸ்டெபிலைசர் ஏசியைக் காப்பாற்றும், ஆனால் மெல்லிய வயரை இன்னும் வாட்டும்.

அதனால் ஒரு நோட்டை டிபி பக்கத்தில் தொங்கவிட்டு, ஒரு வாரம் எழுதுங்கள்: எது விழுந்தது, எத்தனை மணிக்கு, அப்போது என்னென்ன ஓடியது. நான் இதைச் செய்த பிறகுதான் எனக்கு இருந்தது ஒரே ஒரு கோளாறு அல்ல என்று தெரிந்தது. ஏசி கம்ப்ரசர் உறுமி ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியிலேயே எம்சிபி விழுந்தால், எம்சிபி மேல் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். 'பி' வகை, எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை அந்த ஸ்டார்ட்டிங் கரண்டைப் பொறுத்துக்கொள்ளும். மோட்டார், கம்ப்ரசர் உள்ள லைனுக்கு 'சி' வேண்டும். 'சி' இருந்தும் விழுகிறதென்றால் ஏசியின் கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியில்லாமல் அரை மணி, ஒரு மணி ஓடிவிட்டு மெதுவாக விழுந்தால் அது ஓவர்லோடு.

விழுவது எம்சிபி அல்ல, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) என்றால் விஷயமே வேறு. காளான் அறைகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். ஆர்சிசிபிக்கு எவ்வளவு லோடு என்பதில் அக்கறை இல்லை. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டுமே பார்க்கும். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 15-லிருந்து 30-க்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். எல்இடி டிரைவர், அடாப்டர் ஒவ்வொன்றும் நல்ல நிலையிலேயே அரை மில்லி ஆம்பியர் போல எர்த்துக்குக் கசியவிடும். அதுபோல் பத்து இருந்தால் ஐந்து மில்லி ஆம்பியர் முன்கூட்டியே போய்விட்டது. மீதியை ஈரம் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் விடியற்காலை நான்கு, நான்கரைக்கு விழும். எல்லாப் பிளக்கையும் உருவி வைத்தும் விழுந்தது. அப்படியென்றால் கோளாறு கருவிகளில் இல்லை, லைனிலேயே இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு அறைக்குள் இருந்த ஸ்விட்ச் போர்டைத் திறந்தோம். இரும்புப் பெட்டியின் உட்சுவரில் வேர்த்த மாதிரி நீர்த்துளிகள், திருகுகளில் பச்சைப் பூசணம் போலச் செம்புக் களிம்பு, அதன் மேல் காளான் குடையிலிருந்து உதிரும் வித்துத் தூள் மாவு தெளித்தது போல வெள்ளையாகப் படிந்து ஈரத்தில் பசையாகியிருந்தது. இரவு முழுக்க ஹியூமிடிஃபையர் ஓடி, அதிகாலையில் சுவர் குளிரும்போது போர்டுக்குள் ஈரம் கோத்துக்கொள்கிறது. சிப்பிக் காளானுக்கு 80, 85 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். அந்த ஈரத்தில் சாதாரண போர்டு தாங்காது. (அந்த வெள்ளைத் தூள் உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. அறுவடைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள்.)

இதற்கு ஒரே தீர்வு, ஸ்விட்சும் பிளக்கும் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. கதவுக்கு வெளியே வராந்தாச் சுவரில் போர்டு. உள்ளே வயர் மட்டும் போகட்டும், அதுவும் கருவிக்குள் நுழைவதற்கு முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறட்டும், அப்போது வயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உள்ளே விளக்கு ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாதது) என்று போட்டதாக இருக்கட்டும். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும், எனக்கும் சொன்னார்கள். ஈரத் தரை, ஈரக் கை, வெறுங்காலோடு உள்ளே போய் வரும் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். இந்த அறையில் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு நாள் கூட ஓட்டாதீர்கள்.

மூன்றாவது கோளாறு, புது லைன் இழுத்த அன்று வந்தது. காளான் அறைக்கென்று தனி ஆர்சிசிபி போட்டோம். விளக்கைப் போட்ட உடனே விழுந்தது. ஃபேஸைப் புது ஆர்சிசிபியிலிருந்து எடுத்துவிட்டு, விளக்கின் நியூட்ரலை மட்டும் பழைய லைனில் விட்டிருந்தார்கள். போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் அது லீக்கேஜ் என்றுதான் ஆர்சிசிபிக்குத் தெரியும். பல வீடுகளில் ஆர்சிசிபி கெட்டுப்போய்விட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பதற்கு இந்தக் கடன் வாங்கிய நியூட்ரல்தான் காரணம்.

இப்போது எங்கள் அறைக்கு இரண்டு லைன். ஏசிக்கு மட்டும் 4 ஸ்கொயர் எம்எம், 'சி' 20 எம்சிபி. மற்ற எல்லாவற்றுக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம், 'சி' 10. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆர்சிசிபி, எர்த் தனி வயர். வழியில் ஒரு ஜாயின்ட் கூட இல்லை. அதே 20 மீட்டர் தூரத்தில் 4 ஸ்கொயர் எம்எம் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட்தான் இறங்குகிறது. 20 ஆம்பியர் எம்சிபி போடுவதற்கு முன்னால் அந்த வயரைப் போட வேண்டும். உங்கள் எலக்ட்ரீஷியன் விட்டது இதைத்தான்.

ஆனால் வயரை மாற்றுவதற்கு முன்பு லோடையே குறைக்க முடியுமா என்று பாருங்கள். செடி வளர்க்கும் எல்இடி என்று எழுதியிருக்கிறீர்கள். காளான் செடி அல்ல, வெளிச்சத்தில் உணவு தயாரிப்பதில்லை. மொட்டு வரும் பருவத்திலிருந்து பகலில் சில மணி நேரம் சாதாரண வெள்ளை டியூப் லைட் எரிந்தால் போதும், ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அதுவும் வேண்டாம். பின்க் கலர் விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். ஏசி அறையின் ஈரத்தை இழுத்து வெளியே சொட்டவிடுகிறது, ஹியூமிடிஃபையர் அதே ஈரத்தைத் திரும்பக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் செலவு உங்கள் பில்லில் வருகிறது. ஏசியை 20, 21-இல் வைத்திருந்தால் 25, 26-க்கு ஏற்றுங்கள், சிப்பிக்கு அது ஒத்துப்போகும். நான் மார்ச் முதல் ஜூன் வரை சிப்பியே போடுவதில்லை. அந்த மாதங்களில் பால் காளான். வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும், ஏசி தேவையில்லை. என் கோடைகால ட்ரிப்பில் பாதி அதோடு போயிற்று.

சில சின்ன விஷயங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹியூமிடிஃபையரை நிரந்தரமாக ஓட்டாதீர்கள். ஆன்லைனில் வரும் மலிவான ஈரப்பத கன்ட்ரோலரில் 10 ஆம்பியர் ரிலே என்று போட்டிருந்தாலும் அதில் ஃபேனையோ பம்பையோ நேரடியாக இணைக்க வேண்டாம். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடும். நடுவில் ஒரு காண்டாக்டர் (மோட்டார் லோடைத் தாங்கும் ஸ்விட்ச்) போடுங்கள். வைக்கோல் நனைக்கும் டிரம்மில் வாட்டர் ஹீட்டர் ராடு விடவே கூடாது, கேஸ் அடுப்போ விறகோ போதும். கரண்ட் போனால் ஏசி இல்லாமல் சில மணி நேரம் தாங்கும், ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் கரியமில வாயு சேர்ந்து காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். அதனால் வீட்டு இன்வெர்ட்டரில் அந்த ஃபேனை மட்டும் சேருங்கள்.

உங்கள் வீடு த்ரீ பேஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. ஒரு அறையில் விளக்கு மங்கி, அதே நேரம் இன்னொரு அறையில் வழக்கத்தை விடப் பளிச்சென்று எரிந்தால், மெயின் நியூட்ரல் விடுபட்டிருக்கலாம். சில பாயின்ட்டுகளில் 400 வோல்ட் அருகில் வரை ஏறிவிடும். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு ஈபிக்குச் சொல்லுங்கள்.

ஈபி என்றதும் இன்னொன்று. அறைக்கு 2,000 வாட் கூடியிருக்கிறது. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பார்த்து, பற்றாவிட்டால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள். காளானை விற்கிறீர்கள் என்றால், வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாமா, வேறு டாரிஃப் வேண்டுமா என்பதையும் உங்கள் பிரிவு அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எலக்ட்ரீஷியன் அடுத்த முறை வரும்போது, எல்லாக் கருவிகளும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வரச் சொல்லுங்கள். டிபியிலும் பிளக்கிலும் வோல்ட் அளக்கட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு என்றும் பார்க்கட்டும், மேலே சொன்ன வயர் கணக்கில் பாதிதான் நியூட்ரலுக்கு, அதை விட அதிகமாக இருந்தால் நியூட்ரலில் கோளாறைத் தேட வேண்டும். அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, டிபியில் உள்ள நியூட்ரல் கட்டையின் ஒவ்வொரு திருகையும் டைட் செய்யச் சொல்லுங்கள்.