புதுச்சேரியில் சட்டம் படித்துவிட்டுப் பன்னாட்டு கார்ப்பரேட் மோசடி வழக்குகளை நடத்த முடியுமா?

கேள்வியின் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது: "இங்கிருந்து இதெல்லாம் நடக்குமா, இல்லை வீண் ஆசையா?" நான்காம் ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். காலாப்பட்டுக் கல்லூரியாகத்தான் இருக்கும். வீட்டில் முன்சீப் பரீட்சை எழுதச் சொல்லி நச்சரிப்பார்கள். நானும் அங்கே படித்து, அதே நச்சரிப்பைக் கேட்டவள்தான். ஊர் கடலூர் ஓ.டி.

2007-ல் சென்னைக்குப் போய் ஜூனியராகச் சேர்ந்தேன். மாதம் மூவாயிரம், அதுவும் சீனியருக்கு ஞாபகம் வந்தால். 2024-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு ஜூனியர்களுக்குக் குறைந்தது 15,000, சென்னை மாதிரி ஊர்களில் 20,000 என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். "நாங்களெல்லாம் சும்மாவே வேலை செய்தோம்" என்று சொல்லும் சீனியர்களின் அப்பாக்களுக்குச் சொந்த வீடு இருந்தது.

அப்புறம் லண்டன் வக்கீல்களுக்கு இந்தியாவில் ஆவணம் தேடிக்கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். சினிமா மாதிரி எதுவும் கிடையாது. பெட்டி பெட்டியாகக் காகிதம், அவ்வளவுதான். கணக்கில் பொய் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டு, ஐதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் தலைவர் எழுதிய கடிதம் 2009 ஜனவரி 7-ல் வந்தபோது ஆபீசே ஸ்தம்பித்துப் போனது. கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. 2020-ல் ஜெர்மனியின் பணப் பரிமாற்ற நிறுவனம் வயர்கார்டு விழுந்ததும் இதே கதைதான். பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ அங்கே இல்லை. காட்டிய கடிதங்கள் போலி என்று வங்கிகளே சொல்லிவிட்டன. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் காகிதத்தைக் கொடுத்ததாகச் சொல்லும் இடத்தையே நேராகக் கேட்டீர்களா?

2015-ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பி, மஞ்சக்குப்பம் கோர்ட் பக்கம் ஒரு அறை பிடித்தேன். இனி வாடகைப் பிராதும் செக் கேஸும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த முந்திரிக்காரர் வந்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். தொழில் தர்மம் பேச வருபவர்கள் பொறுக்கவும்.)

பண்ருட்டி பக்கம் தொழிற்சாலை. 2011 டிசம்பரில் தானே புயல் அவருடைய தோப்பைச் சாய்த்ததிலிருந்து ஆப்பிரிக்கக் கொட்டைதான் பிழைப்பு. 2017-ல் சிங்கப்பூரில் பதிவான ஒரு கம்பெனியிடம் ஐவரி கோஸ்ட் சரக்கு வாங்கினார். எண்பது கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு கிடைக்கும் என்று ஒப்பந்தம். இதைத்தான் அவர்கள் அவுட்டர்ன் என்பார்கள். தூத்துக்குடியில் இறங்கியதை வெட்டிப் பார்த்தால் 40 தேறவில்லை. பாதி சுருங்கின பழைய கொட்டை. பணமோ எல்.சி. வழியாக, அதாவது சொன்ன காகிதங்களைக் காட்டினால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம். கப்பலேறிய நாளிலிருந்து 90 நாளில் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். எல்.சி.யில் வங்கி காகிதத்தை மட்டும்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. மட்டமான சரக்கு என்று எவ்வளவு கத்தினாலும் தடையுத்தரவு கிடைக்காது. தடை வேண்டுமானால் அப்பட்டமான மோசடி என்று காட்ட வேண்டும். அவர் என்னிடம் வந்தபோது மூன்று வாரம்தான் மிச்சம்.

காகிதங்களில் பாதி பிரெஞ்சு. கல்லூரியில் நான் படித்த பிரெஞ்சு காணாது. கட்டைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 22 கிலோமீட்டர், நேர் ரயில் கிடையாது, விழுப்புரம் சுற்ற வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பாதை வருகிறது, வருகிறது என்கிறார்கள். அரியாங்குப்பம் நெரிசலில் நின்றபடியே என் தொழில் வாழ்க்கையில் எத்தனை நாள் போயிருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்து, வயிறெரிந்து விட்டுவிட்டேன். சரி, அதை விடுங்கள்.

முத்தியால்பேட்டையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு சொல்தா இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார். சரக்கில் பூச்சி இல்லை என்று அந்த நாட்டு அரசு கொடுக்கும் பைட்டோ சான்றிதழ் வந்ததும் நிறுத்தினார்.

"ஏம்மா, இது என்ன தேதி?"

"ஆகஸ்ட் 7, ஐயா."

"திங்கக்கிழமைதானே? நான் ஐவரி கோஸ்ட்ல, அபிஜான்ல ரெண்டு வருஷம் இருந்தவன். அன்னைக்கு அவங்க சுதந்திர தினம். நம்ம ஆகஸ்ட் 15 மாதிரி. எந்த ஆபீசர் உக்காந்து சீல் குத்தினான்?"

எனக்குப் புல்லரித்தது. ஆனால் விடுமுறை என்பது மட்டுமே சாட்சியாகிவிடாது. துறைமுக வேலை அவசரம், அன்றைக்கும் ஆள் இருந்தார் என்று எதிர்த்தரப்பு அரை நிமிடத்தில் உடைத்துவிடும். அது ஒரு நூல் முனை, அவ்வளவுதான். சான்றிதழ் எண்ணைப் போட்டு அந்த அலுவலகத்துக்கே பிரெஞ்சில் கடிதம் எழுதினோம். என் வரைவை அவர் சிவப்பு மையில் திருத்தியதைப் பார்த்திருந்தால் என்னைப் பாஸ் போட்ட ஆசிரியை வருத்தப்பட்டிருப்பார். கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு பதில் வந்தது: அந்த எண் வேறு யாருடைய சரக்குக்கோ கொடுத்தது. இடைக்காலத் தடை கிடைத்தது. நல்ல வேளையாக அந்த பில்லை வேறு வங்கி எதுவும் டிஸ்கவுண்ட் செய்து, அதாவது கழிவு பிடித்துக்கொண்டு கெடுவுக்கு முன்பே, பணம் கொடுத்திருக்கவில்லை. கொடுத்திருந்தால், மோசடி தெரியாமல் கொடுத்தவருக்குத்தான் சட்டம் துணை நிற்கும்.

சிங்கப்பூர் நிறுவனப் பதிவேட்டில் சில டாலர் கட்டி விவரம் எடுத்தால், ஒரே ஒரு இயக்குநர், பெயருக்கு ஒரு முகவரி. கடைசியில் விலையைக் குறைத்துச் சமரசம். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. கம்பெனிச் சட்டம் 447-ஆம் பிரிவில் மோசடிக்குப் பத்து வருடம் வரை தண்டனை இருக்கிறது. அது எங்கள் கதையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"முந்திரிக் கொட்டை தகராறை கார்ப்பரேட் மோசடி என்கிறாயே" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். காகிதக் கம்பெனி, போலிச் சான்றிதழ், மூன்று நாட்டுச் சட்டம், இரண்டு வங்கி எல்லாம் இதில் இருந்தது. கோடியின் எண்ணிக்கை மட்டும்தான் குறைவு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். பிரெஞ்சை இப்போதே ஒழுங்காகப் படியுங்கள். ரெனோன்சான், அதாவது பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின், குடும்ப வழக்குகளோடு அது முடிந்துவிடுவதில்லை. இந்தியாவுக்குள் பணம் வரும் பெரிய வாசல்களில் ஒன்றான மொரீஷியஸின் சிவில் சட்டமும் நெப்போலியன் கோடிலிருந்து வந்ததுதான். வயர்கார்டு 2015-ல் சென்னை டிக்கெட் கம்பெனி ஒன்றை வாங்கியதுகூட ஒரு மொரீஷியஸ் நிதியத்திடமிருந்துதான். பேலன்ஸ் ஷீட் படிக்கவும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பெரிய தணிக்கை நிறுவனங்களின் தடயவியல் பிரிவு நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடும். ஆனால் முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் பார் கவுன்சில் விதி 49-ன்படி வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை.

ஈமெயில், வாட்ஸ்அப் ஆதாரத்துக்கு முன்பு 65பி சான்றிதழ் என்போம். 2024 ஜூலையிலிருந்து சாட்சியச் சட்டம் புதிது, சான்றிதழ் இப்போது பிரிவு 63-ல், அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறி) எழுத வேண்டும். அது இல்லாமல் உடைந்துபோன கேஸ் என்னிடமே ஒன்று உண்டு. அதை இங்கே சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

சொல்தா ஐயா கடைசிவரை ஃபீஸ் வாங்கவில்லை. முந்திரிக்காரர் இப்போதும் ஒவ்வொரு சீசனுக்கும் காலை ஆறு மணிக்கு பைட்டோவைப் படம் எடுத்து அனுப்பி, "மேடம், அன்னைக்கு அங்க லீவா?" என்று கேட்கிறார். அதற்கு ஃபீஸ் எதுவும் வருவதில்லை. தீபாவளிக்கு அரை கிலோ முழுப் பருப்பு வரும்.