மண்சரிவில் போன சான்றிதழ்கள்: வாசகர் கேள்விகள்

2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவின்போது நான் வருவாய்த் துறையில் இருந்தேன். முகாமில் ஓர் அம்மா சேறு அப்பிய தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திறக்கவே பயந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். இந்த மாதக் கடிதங்களைப் படித்தபோது அந்தப் பெட்டிதான் கண்முன் நின்றது.

பீரோவில் தண்ணீர் புகுந்து சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுப்புப் பக்கம் காயவைக்கலாமா? (கேத்தி)

வேண்டாம் அம்மா. சூட்டில் தாள் சுருண்டுவிடும். ஈரத்தோடு இழுத்துப் பிரித்தால் எழுத்தும் உரிந்து வரும். கட்டாகவே பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். உறைந்த தாளில் அது வளராது. வீட்டு வேலை ஓய்ந்ததும் எடுத்து இளகவிட்டு, ஒவ்வொன்றாக வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து நிழலில் காயவையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பாதி அழிந்ததையும் எறியாதீர்கள். பதிவெண்ணும் ஆண்டும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள் இரண்டும் மண்ணோடு போய்விட்டன. எங்கே தொடங்குவது? (கோத்தகிரி)

காவல் துறையில். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே ஆவணம் தொலைந்ததைப் பதிந்து அறிக்கை எடுக்கலாம். அப்புறம் படித்த பள்ளிக்குப் போங்கள். பதிவெண் மறந்திருந்தால் அங்கே கிடைக்கும். மதிப்பெண் பதிவு சென்னையில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் பத்திரமாக இருக்கிறது. ‘இரண்டாம் படி’, அதாவது மாற்று நகல், கேட்டு விண்ணப்பியுங்கள். எப்படி என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் கலெக்டர் அலுவலகத்தில் சிறப்பு முகாம் உண்டா என்று கேளுங்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அரசு முகாம் போட்டுக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது. மலையில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மகள் குன்னூர் லாலி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இப்போது கூடலூரில் இருக்கிறோம். பிறப்புச் சான்று எங்கே வாங்குவது?

பிறந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். குன்னூர் நகராட்சியில் கேளுங்கள். 2018க்குப் பிறகு பிறந்தவள் என்றால் இணையத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை (ரேஷன் கார்டு அல்ல) போய்விட்டது. பேரனுக்குச் சாதிச் சான்று வாங்க அதைத்தானே கேட்பார்கள்? (கோத்தகிரி அருகே, தேயிலைத் தோட்டம்)

மனதைப் பிசைகிற கேள்வி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் வந்த பல குடும்பங்களுக்குப் பூர்வீகத்தைச் சொல்ல அந்த ஒரு அட்டைதான் இருந்தது. ஆனாலும் வழி அடைபடவில்லை. அப்பா டேன்டீயில் (அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தாரா? பணிப்பதிவு கேளுங்கள். உங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி எழுதியிருக்கும். தலைமை ஆசிரியரிடம் நகல் வாங்குங்கள். கூட வந்த சித்தப்பா, பெரியப்பா வீட்டில் அட்டை இருந்தால் அதையும் நகல் எடுங்கள். உங்கள் பழைய சாதிச் சான்று இ-சேவையில் வாங்கியதா? எண் இருந்தால் மறுபடி எடுக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து தாசில்தாரிடம் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, செல்போன் எல்லாமே போய்விட்டன. எது முதலில்? (மஞ்சூர்)

பழைய நம்பரிலேயே சிம். அடுத்தது ஆதார். எண் மறந்திருந்தால் வங்கியில் கொடுத்த நகலில் இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த செல்போன் நம்பருக்குத்தான் வரும்.