ஒயின் பாட்டில்ல வருஷம் ஏன் போடுறாங்க? மழை வெயிலுக்கும் திராட்சை அறுவடைக்கும் என்ன சம்பந்தம்?

பாட்டில்ல இருக்கற வருஷம் திராட்சை பறிச்ச வருஷம், அதைத்தான் விண்டேஜ்னு சொல்றாங்க. அந்த சீசன்ல வெயில் மழை எப்படி இருந்துச்சோ அது அப்படியே பழத்துல இறங்கும். துளிர் விடுறப்போ உறைபனி விழுந்தா மொட்டு கருகிடும், 2021 ஏப்ரல்ல பிரான்ஸ்ல அப்படித்தான் ஆச்சு, விவசாயிங்க ராத்திரியெல்லாம் தோட்டத்துல நெருப்பு மூட்டிப் பாத்தும் அந்த வருஷ விளைச்சல் பயங்கரமா அடி வாங்கிச்சு, பாவம். பூக்குற நேரம் மழைன்னா காய் சரியா பிடிக்காது. அப்புறம் வெயில் ஏற ஏற இனிப்பு கூடும், புளிப்பு குறையும், ரெண்டும் சமமா நிக்கணும்னா பகல்ல வெயிலும் ராத்திரி குளுமையும் வேணும், மகாராஷ்டிராவுல இருக்கற நாசிக்ல குளிர்காலத்துல பழுக்கற மாதிரி கவாத்து பண்ணி, அதாவது கிளைய வெட்டிவிட்டு, ஜனவரி டு மார்ச் பறிக்கறது அதனாலதான்.

ரொம்ப மோசமானது பறிக்கப்போற நேரத்து மழை. வேர் தண்ணிய இழுத்து பழம் ஊதும், இனிப்பு நீர்த்துப்போகும், தோல் வெடிச்சு பூஞ்சை பிடிக்கும். நம்ம காசிமேட்டுல கருவாடு காயப்போடுறவங்களுக்கு இது நல்லா புரியும், அதே மீன் அதே உப்பு, ஆனா எடுக்கப்போற அன்னிக்கு ஒரு மழை பேஞ்சா மொத்தமும் போச்சு.

நிறைய காய்ச்சா நல்ல வருஷம்னு பலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, தண்ணி கொஞ்சம் கம்மியா கிடைச்ச சின்னப் பழத்துலதான் தோலோட பங்கு அதிகம், சிவப்பு ஒயினுக்கு நிறம் வர்றதே அந்தத் தோல்லேருந்துதான்.