ரெண்டு காலும் அந்தரத்தில, ஏன் வெளிய போடல்ல?

பெரிய போட்டிகள்ல வாற பழக்கமில்லாத விளையாட்டுகளப் பத்தி வாசகர்கள் கேட்டதுல நாலு, இந்தத் தடவ.

கேள்வி (கல்லடி வாசகி): அக்கா, பாரிஸ் ஒலிம்பிக் வேகநடை வீடியோ ஒண்டு பாத்தன். ஸ்லோமோஷன்ல போடக்குள்ள ரெண்டு காலும் நிலத்தில இல்ல, அப்ப அது ஓட்டம்தானே, ஏன் ஆள வெளிய போடல்ல?

பதில்: தங்கச்சி, எனக்கும் முதல்ல பாக்கக்குள்ள இதே கோவம்தான் வந்திச்சி. ஒரு கால் எப்பவும் நிலத்தில பட்டுக்கொண்டே இருக்கணும் எண்டுதான் சட்டம், ஆனா படுதா இல்லையா எண்டுறத மனுசக் கண்ணால பாத்துத்தான் முடிவெடுக்கணும், கமெராவுக்கு அதில இடமில்ல. நடுவர்மார் பாதை ஓரத்தில நிண்டு வெறுங்கண்ணால பாக்கிறாங்க, அவங்கட கண்ணுக்குப் பிடிபடாம கால் நிலத்த விட்டா அது பிழையில்ல. டீவிக்காரங்க வேகத்தக் குறைச்சிக் காட்டுறதாலதான் நமக்கு அது தெரியுது.

மற்றச் சட்டம் இன்னும் கஷ்டம். முன்னால வைக்கிற கால் நிலத்தில பட்டதில இருந்து உடம்புக்கு நேர கீழ வாற வரைக்கும் முழங்கால் மடியக் கூடாது, அதாலதான் இடுப்பு அப்பிடி ஆடுது, முழங்கால மடிக்க ஏலாதெண்டா எட்ட நீட்டி வைக்கிறதுக்கு இடுப்பத் திருப்புறதத் தவிர வழியில்ல. வீட்டு விறாந்தையில ஒருக்கா நடந்து பாருங்க, நான் நடந்து பாத்தன், கொஞ்ச நேரத்திலயே முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இழுத்துப் பிடிச்சிட்டு. பாரிஸ்ல ஈக்குவடோர் நாட்டு பிரயன் பின்டாடோ இப்பிடியே 20 கிலோமீட்டர 1 மணி 18 நிமிசம் 55 செக்கன்ல முடிச்சார். நம்மட இல்ல மெய்வல்லுனர் போட்டியில ஓடுற 400 மீட்டர் சுத்த நினைச்சிப் பாருங்க, அதில 50 சுத்து, சுத்துக்கு 95 செக்கன் கூட இல்ல, எல்லாம் நடையில.

நடுவர் மஞ்சள் மட்டை காட்டினா எச்சரிக்கை, அலை மாதிரிக் கோடு கிடந்தா ரெண்டு காலும் நிலத்த விட்ட பிழை, மடிஞ்ச கோடு எண்டா முழங்கால் மடிச்ச பிழை. அதுக்கு மேல சிவப்பு, ஒரு நடுவர் ஒரு ஆளுக்கு ஒரு சிவப்புத்தான் குடுக்கலாம். இப்ப மூணு சிவப்பு விழுந்தா கொஞ்ச நேரம் ஒதுங்கி நிண்டுட்டுத் தொடரலாம், முந்தி மூணோட ஆள் வெளிய. 2000ல சிட்னியில அவுஸ்திரேலியாவின் ஜேன் சவில் முதலாவதா வந்துகொண்டிருந்தவ, சொந்த நாட்டுச் சனம் மைதானம் நிறையக் காத்திருக்கு, உள்ள நுழையப் போற இடத்தில சிவப்புக் காட்டிட்டாங்க. அந்த வீடியோவ இப்ப பாத்தாலும் எனக்கு மனசு தாங்காது.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): வாப்பாவும் நானும் ஜூடோ பாத்தம், வெண்கலம் ரெண்டு பேருக்குக் குடுத்தாங்க, அதில ஒருத்தர் முதல்லயே தோத்தவர். இது என்ன நியாயம்?

பதில்: நியாயம்தான் தம்பி. காலிறுதியில தோக்கிற நாலு பேருக்கும் இன்னொரு வாய்ப்பு இருக்கு, அவங்க தங்களுக்குள்ள மோதி வெல்லுற ரெண்டு பேரும் அரையிறுதியில தோத்த ரெண்டு பேரோட மோதணும். அதால ரெண்டு வெண்கலம். வாப்பாக்கிட்ட இதையும் சொல்லுங்க, குத்துச்சண்டையிலயும் ரெண்டு வெண்கலம், ஆனா அங்க அரையிறுதியில தோத்தா மறுகா மோதாமலே கிடைக்கும்.

கேள்வி (நிந்தவூர் வாசகர்): ஒண்டும் தெரியாத விளையாட்ட எங்க இருந்து பாக்கத் தொடங்குற?

பதில்: கபடி பாக்கிற ஊர்க்காரர் நீங்க, அதையே எடுப்பம். முதல் தடவ கபடி பாக்கிற வெளிநாட்டுக்காரருக்கு, ஒருத்தர் தனிய உள்ள போறார், ஏழு பேர் பாஞ்சி அமுக்கிறாங்க, அவ்வளவுதான். மூச்சு விடாமப் பாடணும், 30 செக்கனுக்குள்ள திரும்பணும், பிடிச்சாலும் கை நடுக்கோட்டத் தொட்டா அவர் தப்பினார் எண்டு சொல்லிக் குடுத்தா அதே ஆள் கதிரையில இருந்து எழும்பிருவார். அதால எப்பிடி வெல்லுற எண்டு கேக்கிறத விட எதச் செஞ்சா பிழை எண்டு முதல்ல கேளுங்க, நான் வேகநடையப் பிடிச்சதும் அப்பிடித்தான்.

கேள்வி (களுவாஞ்சிகுடி வாசகி): வாள்சண்டையில ரெண்டு பேருக்கும் லைட் எரியுது, புள்ளி ஒருத்தருக்குத்தான். ஏன்?

பதில்: மூணு வகை வாள் இருக்கு. எப்பே எண்டுற வகையில ரெண்டு லைட்டும் எரிஞ்சா பொதுவா ரெண்டு பேருக்கும் புள்ளி. ஃபாயில், சேபர் ரெண்டிலயும் முதல்ல தாக்க வந்தவருக்குத்தான் புள்ளி எடுக்கிற உரிமை, மற்றவர் அந்த வாளத் தட்டி விட்டா உரிமை கை மாறும். அது யார்கிட்ட இருந்திச்சி எண்டு நடுவர் கையால காட்டுவார், அடுத்த தடவ லைட்ட விட்டிட்டு அந்தக் கையப் பாருங்க தங்கச்சி.