காடு யாருக்காக?

கேள்வி: பெரிய உயிரியல் பூங்காக்களில் யானைகளுக்குக் குளம், மணல், மரம் என்று காடு மாதிரியே இடம் அமைத்துத் தருகிறார்கள். இதற்குப் பிறகும் 'யானையை அடைத்து வைக்காதே' என்று குரல் எழுப்புவது வீண் பிடிவாதம்தானே?

பதில்: மாற்றம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஜூரிச் பூங்கா 2014-இல் திறந்த யானைப் பகுதி சுமார் 11,000 சதுர மீட்டர்; பழைய இடத்தைப் போல ஆறு மடங்கு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் இது ஒரு சதுர கிலோமீட்டரில் தொண்ணூறில் ஒரு பங்குதான். காட்டு யானைக் கூட்டமோ நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் சுற்றும்.

சரி, பரப்பளவை விடுங்கள். 'இயற்கையான' என்கிறீர்களே, அது யார் கண்ணுக்கு? சிமெண்டில் வார்த்த பாறை யானைக்கு எதற்கு? பல பூங்காக்களில் நிஜ மரத்தைச் சுற்றி மின்கம்பி போட்டிருப்பார்கள், யானை பட்டையை உரித்துவிடுமே என்று! அந்தக் காடு படம் பிடிக்க வருகிற நமக்கு.

யானைக்கு உண்மையில் உதவிய மாற்றங்கள் படத்தில் எடுபடாதவை. முதலாவது, தரை. டன் கணக்கில் எடையுள்ள உடம்பு வருடக்கணக்கில் கான்கிரீட்டில் நின்றால் பாதம் புண்ணாகும், மூட்டு வாதம் வரும். பூங்கா யானைகளைக் கருணைக்கொலை செய்ய நேர்வதற்கு இவை முக்கியமான காரணங்கள். ஆழமாக மணல் கொட்டிய பிறகுதான் பல யானைகள் நிம்மதியாகப் படுத்துத் தூங்குகின்றன. அப்புறம் தீனி. காட்டில் நாளின் பெரும்பகுதி மேய்ந்தே கழியும் என்பதால், நல்ல பூங்காக்களில் உயரத்தில் வலைகட்டி, வெவ்வேறு நேரத்தில் கிடைக்கும்படி வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறவு: தாய், மகள், பேத்தி என்று பிரியாமல் வாழ்கிற கூட்டம். குளமும் அருவியும் வைத்து அதில் ஒற்றை யானையை விட்டால், அது மன உளைச்சலில் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த முறை போகும்போது, மாலையில் கதவு சாத்திய பிறகு யானைகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். புதுக் காட்டிலா, பின்னாலிருக்கும் கொட்டடியிலா?

டெட்ராய்ட் பூங்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த ஊர்க் குளிர் மூட்டு வலியுள்ள யானைகளுக்கு ஆகாது என்று தானே முடிவெடுத்து, 2005-இல் தன் 2 யானைகளையும் கலிபோர்னியாவிலுள்ள ஒரு சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டது. பூங்கா நடத்துகிறவர்களே எடுத்த முடிவு, ஐயா. அதையும் பிடிவாதக் கணக்கில் எழுதிவிடலாமா?